கரோக்கே தந்த 94 புள்ளி

கடந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கரோக்கே பெட்டி வந்து சேர்ந்தது. தங்கையின் பெருநாள் காசு, என்னுடைய உண்டியல், அதற்கு மேல் உம்மாவின் சீட்டுக் காசில் ஒரு பங்கு என மூன்றையும் சேர்த்துத்தான் அதை வாங்கினோம். ஓர் ஒலிபெருக்கி, வயர் இல்லாத இரண்டு மைக், முன்புறத்தில் இலக்கம் ஒளிரும் ஒரு சின்னத் திரை. பாட்டு முடிந்ததும் கைதட்டும் ஓசையோடு அந்தத் திரையில் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி விழும். அந்தப் புள்ளிக்காகவே மற்றப் பெட்டிகளை விடக் கூடுதல் விலை கொடுத்தோம். எங்கள் வீட்டில் பாட்டுத் தெரிந்தவர் எவருமில்லை. மாதக் கட்டணம் கட்டி ஒருவரிடம் பழகவும் வசதியில்லை. பெட்டியே பிழையைச் சொல்லித் தந்தால் நல்லதுதானே என்று நினைத்தோம்.

தங்கை அப்போது தரம் 9. இஸ்லாமிய கீதம் தனிப்பாட்டுப் போட்டிக்காக இரண்டு மாதம் அந்தப் பெட்டியோடு பாடினாள். ஒவ்வொரு நாளின் புள்ளியையும் அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். 81, 86, 88, 91. போட்டிக்கு முந்திய இரவு 94. வலய மட்டப் போட்டியில் அவளுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. முடிந்த பிறகு நடுவர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "குரல் நல்லா இருக்கு மகள். ஆனா சுருதி சேரல்ல. மேல போகக்குள்ள ஒவ்வொரு தடவையும் கீழ இறங்குது" என்று அன்பாகத்தான் சொன்னார்.

நான்கு நாள் அவள் பாடவில்லை. ஐந்தாம் நாள் சாச்சியின் மகன், நான்கு வயதுப் பொடியன், மைக்கை வாய்க்குள் நுழைத்துப் பாட்டு முடியும்வரை "ஆ" என்று கத்தினான். திரையில் 96 விழுந்தது.

"ராத்தா, மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டாள் தங்கை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். பெருநாள் காசை எண்ணி வைத்துக்கொண்டு இப்படியொரு பெட்டியைப் பார்த்து ஆசைப்படும் தோழி ஒருத்திக்காவது இது பயன்படட்டும்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் ஒலியின் இயல்புகளைப் படிக்கும்போது சுருதி வேறு, உரப்பு வேறு என்று மனனம் செய்கிறோம். ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்பதே மீடிறன். அது கூடினால் சுருதி உயரும். அதிர்வின் வீச்சம் கூடினால் உரப்புக் கூடும். பரீட்சையில் இதற்கு இரண்டு புள்ளி கிடைக்கும், பிறகு மறந்துவிடுவோம். எங்கள் பெட்டி செய்தது இந்த இரண்டில் இரண்டாவதை மட்டும் அளந்ததுதான். மைக்குக்குள் எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்துப் புள்ளி போட்டது. உரப்பை அளப்பதற்கு மலிவான ஒரு சிறிய சுற்று போதும். சுருதியை அளக்கக் கணக்குப் போடும் மூளை ஒன்று வேண்டும். அளந்த சுருதி சரியா பிழையா என்று சொல்வதற்கோ இன்னொன்றும் வேண்டும்: பாட்டின் சரியான மெட்டு அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விடயத்தைத்தான் நாங்கள் யோசிக்கவேயில்லை. யூடியூபில் இருந்து ஒரு கரோக்கே வீடியோவைப் போட்டு, அதன் ஓசையைப் பெட்டிக்கு அனுப்பிப் பாடுகிறோம். அதில் இருப்பது பின்னணி இசையும் திரையில் ஓடும் வரிகளும் மட்டுமே. பாடகர் எந்த இடத்தில் எந்தச் சுரத்தைப் பாட வேண்டும் என்ற தகவல் அதற்குள் எங்கும் இல்லை. விடைத்தாள் இல்லாமல் வினாத்தாளைத் திருத்தச் சொன்னால் யார்தான் திருத்துவார்? எங்கள் பெட்டி கையெழுத்தின் அளவைப் பார்த்துப் புள்ளி போட்டது. பழைய கரோக்கே வட்டுகளும் அப்படித்தான். சாதாரண இசை வட்டில் எழுத்துப் படங்களையும் சேர்த்துப் பதிந்த சீடிஜி வகை வட்டுகள் ஒருகாலத்தில் உலகமெங்கும் விற்றன. அவற்றில் இருந்ததும் ஓசையும் எழுத்தும்தான்.

கரோக்கே பிறந்தபோது புள்ளி என்ற பேச்சே இருக்கவில்லை. ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஓர்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். பாடகர் இல்லாத வெறும் வாத்திய இசை என்பது பொருள். 1967இல் டோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி என்பவர் தான் பாடுவதற்காக ஒரு பெட்டி செய்தார். 1971இல் கோபே நகரில் இனோவே தைசுகே என்ற இசைக் கலைஞர், காசு போட்டால் நாடாவில் இருந்து இசை ஒலிக்கும் 11 பெட்டிகளைச் செய்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை எதுவும் எடுக்காததால் பெருஞ்செல்வம் அவரைச் சேரவில்லை. 2004இல் அவருக்கு இக் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் செயல்களுக்கு வேடிக்கையாக வழங்கப்படும் பரிசு அது. மனிதர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதற்குப் புதிய வழியொன்றைத் தந்தவர் என்பதற்காகவாம்! பக்கத்து வீட்டார் எங்கள் தங்கையைச் சகித்த இரண்டு மாதத்தை நினைத்தால் அந்தப் பரிசு பொருத்தமானதுதான்.

சுருதியைப் பார்த்துப் புள்ளி போடும் உண்மையான கருவிகளும் உண்டு. ஜப்பானின் கரோக்கே நிலையங்களில் உள்ள பெரிய இயந்திரங்களில், பாடவேண்டிய மெட்டு கோடுகோடாகத் திரையில் ஓடும். நமது குரல் அந்தக் கோட்டின் மீது விழுகிறதா, மேலே கீழே போகிறதா என்பது அப்போதைக்கப்போது தெரியும். குரல் நடுக்கம், இழைவு போன்றவற்றையும் அவை தனித்தனியாக எண்ணிக் காட்டும். 2004இல் சோனி நிறுவனம் வெளியிட்ட சிங்ஸ்டார் என்ற விளையாட்டு இதே முறையை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. இவற்றில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டை முன்கூட்டியே எழுதிச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆகவே அந்தப் பட்டியலில் உள்ள பாட்டுகளுக்கு மட்டுமே புள்ளி. நாம் போட்டிக்குப் பாடும் தமிழ்க் கீதங்கள் அந்தப் பட்டியல்களில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குரலின் சுருதியை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சுரத்தை நீட்டிப் பாடும்போது காற்றின் அதிர்வு ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறது. அந்த வரைபை ஒளிபுகும் தாளில் பிரதி எடுத்து, மூலத்தின் மேல் வைத்து மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்த்துவதாக நினையுங்கள். ஓர் இடத்தில் இரண்டும் மறுபடி அச்சொட்டாகப் பொருந்தும். அதுவரை நகர்த்திய தூரமே ஓர் அதிர்வுக்கான நேரம். அது 4.5 மில்லிசெக்கன் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 220 அதிர்வு. பெண் பிள்ளைகள் சாதாரணமாகப் பாடும் எல்லைக்குள் வரும் சுரம் அது. இந்த ஒப்பிடும் கணக்குக்குத் தன்னொட்டுறவு என்று பெயர். நில அதிர்வு அலைகளை ஆராய்ந்து எண்ணெய் தேடும் தொழிலில் இதே கணக்கைப் பயன்படுத்திய அன்டி ஹில்டபிரான்ட் என்பவர்தான் 1997இல் பாடகரின் பிழைச் சுருதியைத் தானாகவே திருத்தும் ஓட்டோடியூன் மென்பொருளை வெளியிட்டார். பூமிக்கடியில் எண்ணெய் தேடிய கணிதம் தொண்டைக்குள் சுருதி தேட வந்த கதை இது.

இந்தக் கணக்கைச் செய்யும் மூளை இன்று எல்லோர் வீட்டுக் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எந்த டியூனர் செயலியை நிறுவினாலும், நாம் பாடும் சுரம் எது, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று முள் அசைந்து காட்டும். வோகல் பிட்ச் மொனிட்டர் போன்ற செயலிகள் அதை ஒரு கோடாகவே வரைந்துகொண்டு போகும். கோடு வரையும் வகைதான் பாடுவோருக்கு நல்லது. முள் ஆடி ஆடிக் குழப்பும்.

அந்த இலக்கங்களைப் படிக்க ஒரு சிறு விளக்கம் வேண்டும். மீடிறன் இரட்டிப்பானால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வருகிறது. 220, 440, 880 மூன்றுமே 'ஏ' என்ற சுரம்தான். ஒரு ஸ்தாயியை 12 அரைச்சுரங்களாகவும், ஒவ்வோர் அரைச்சுரத்தையும் 100 சென்ட்களாகவும் பிரிப்பார்கள். செயலி "-40" என்று காட்டினால், அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கீழே நிற்கிறோம் என்று அர்த்தம். நீட்டிப் பிடிக்கும் சுரத்தில் இவ்வளவு விலகினால் சங்கீதம் படிக்காத காதுக்கும் நெருடும். ஐந்தாறு சென்ட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மனிதத் தொண்டை அவ்வளவு அசையாமல் நிற்காது.

ஏற்கெனவே ஒரு மெஷினை நம்பிக் கெட்ட நாங்கள் இதையாவது சோதித்துப் பார்ப்போம் என்று, விஞ்ஞான டீச்சரின் அனுமதியோடு ஆய்வுகூடத்தில் இருந்த 512 என்று பொறித்த இசைக்கவையைத் தட்டிச் செயலிக்கு முன்னால் பிடித்தோம். 'சி' சுரம், ஆனால் 38 சென்ட் கீழே என்று காட்டியது. செயலியும் பொய்தான் என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கணக்கைப் பார்த்தால் செயலி சொன்னதே சரி. ஆய்வுகூட இசைக்கவைகள் 256, 512 என்று கணக்குக்கு இலகுவான இலக்கங்களில் செய்யப்படுகின்றன. இசை உலகமோ 'ஏ' என்பதை 440 என வைத்துக்கொள்கிறது. அதன்படி அந்த 'சி' 523.25 ஆக வரும். 512க்கும் 523.25க்கும் இடையே உள்ள தூரம் 38 சென்ட்தான். உங்கள் பாடசாலையிலும் ஓர் இசைக்கவை தூசி படிந்து கிடக்கும். எந்தச் செயலியையும் நம்புவதற்கு முன் அதைத் தட்டிப் பாருங்கள்.

அப்படியென்றால் கரோக்கே பெட்டியே வாங்கக்கூடாதா? பெருநாள் கூட்டத்தில் பிள்ளைகள் சேர்ந்து பாடி மகிழ வாங்கலாம். சுருதி பழகுவதற்கென்று வாங்குவதானால், கடையில் காசைக் கொடுக்கும் முன் அங்கேயே சில வேலைகளைச் செய்ய வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். முதலில் பாட்டை ஓடவிட்டு மைக்கைப் பிடித்தபடி வாயே திறக்காமல் நில்லுங்கள். புள்ளி விழுந்தால் அது ஒலிபெருக்கியின் சத்தத்துக்கே புள்ளி போடுகிறது. அடுத்து, பாட்டின் வரிகளைப் பத்திரிகை வாசிப்பது போல உரத்து வாசியுங்கள். பிறகு அதே பாட்டை மெதுவாகச் சரியாகப் பாடுங்கள். வாசித்ததற்கு அதிகமும் பாடியதற்குக் குறைவும் வந்தால் வேறு சோதனை தேவையில்லை. இந்த மூன்றையும் எங்கள் பெட்டியில் பின்னர் செய்து பார்த்தோம். வாய் திறக்காததற்கு 60 தந்தது. வாசித்ததற்கு 89. தங்கை கண்களை மூடி, மெல்லிய குரலில், அழகாகப் பாடியதற்கு 71.

திரையில் மெட்டுக்கோடு ஓடும் கருவியாக இருந்தால் வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தாழ்த்திப் பாடிப் பாருங்கள். உங்கள் குரலைக் குறிக்கும் புள்ளி உடனே கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது சுருதியைப் பார்க்கிறது. இறங்காமல் கோட்டோடு ஒட்டியே ஓடினால் அது வெறும் அலங்காரம். விற்பவர் "சுருதியும் பார்க்கும்" என்று சொல்வதையோ பெட்டியில் அச்சிட்டிருப்பதையோ இந்த ஒரு சோதனைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கையில் பிடிக்கும், உள்ளேயே ஒலிபெருக்கி உள்ள மைக்குகள் இப்போது எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன. விலை குறைவு, பார்க்கவும் வடிவு. பழகுவதற்கு அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு காரணம். ஒன்று எதிரொலி. அந்தப் பொத்தானைத் திருப்பினால் எவர் குரலும் இனிக்கும், ஏனென்றால் ஒரு சுரத்தின் மிச்சம் அடுத்த சுரத்தின் மேல் பூசப்பட்டுப் பிழை மறைந்துவிடுகிறது. எந்தப் பெட்டியானாலும் பழகும்போது எதிரொலியைச் சுழியத்தில் வையுங்கள். குரலைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள்; திருத்திய குரலைக் கேட்டுப் பழகினால் மேடையில் திருத்தாத குரலோடு நிற்க வேண்டி வரும்.

மற்றக் காரணம் தாமதம். புளூடூத் வழியாக ஓசை போகும்போது வழமையாக ஒரு செக்கனின் பத்தில் ஒன்று முதல் பத்தில் மூன்று வரை பிந்துகிறது. சிறியதாகத் தோன்றும். காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதை வைத்துக் கணக்குப் பாருங்கள். பத்தில் இரண்டு பங்கு தாமதம் என்பது 68 மீற்றர் தூரத்தில் நிற்பவரோடு சேர்ந்து பாடுவதற்குச் சமம். மைதானத்தின் ஒரு தொங்கலில் நீங்கள், மறு தொங்கலில் ஹார்மோனியம்! புளூடூத் இல்லாமல் தனியான வானொலி அலையில் இயங்கும் வயரில்லா மைக்குகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. வயர் உள்ளதில் இல்லவே இல்லை. விலையும் வயருள்ளதில்தான் குறைவு.

ஆகவே எங்கள் அனுபவத்தில் மலிவான கரோக்கே கருவி என்பது இப்படி அமைகிறது. ஒரு தொலைபேசியில் பின்னணி இசை, அதைக் கேட்க வயருள்ள இயர்போன். இன்னொரு தொலைபேசியில் கோடு வரையும் செயலி. வீட்டில் உம்மாவின் தொலைபேசி ஒன்று, நானாவின் தொலைபேசி ஒன்று என்று இரண்டு இருந்தால் ஒரு சதமும் செலவில்லை. இசையைக் காதுக்குள் கேட்பது முக்கியம். ஒலிபெருக்கியில் போட்டால் செயலி உங்கள் குரலை விட்டுவிட்டு வயலினின் சுருதியை வரைந்துகொண்டிருக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் மற்றக் காதால் உங்கள் குரலையும் கேட்கலாம். பக்கத்து வீட்டாருக்கும் நிம்மதி. வாத்தியம் ஒலிப்பதை விரும்பாத வீடுகளில், தொடக்கச் சுரத்தை மட்டும் வாயால் பிடித்து இசையே இல்லாமல் செயலியோடு பழகவும் இது தோதானது.

மைக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சட்டையில் குத்தும் சிறு வயர் மைக் போதும். வாங்கும்போது செருகியைப் பாருங்கள். தொலைபேசிக்கு உரியதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். இரண்டு வளையம் உள்ளதைச் செருகினால் பெரும்பாலும் மைக் வேலை செய்யாது. கரோக்கே பெட்டிகளோடு வரும் பெரிய மைக்கின் தடித்த செருகி தொலைபேசிக்குள் நுழையவே நுழையாது. புதிய தொலைபேசிகள் சிலவற்றில் அந்த வட்டத் துளையே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மடிக்கணினி உள்ள வீடாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. அல்ட்ராஸ்டார் டீலக்ஸ், பெர்போமஸ் என்ற இலவச மென்பொருள்கள் சிங்ஸ்டார் போலவே மெட்டுக்கோட்டைத் திரையில் ஓடவிட்டுக் குரலை ஒப்பிடும். அவற்றுக்குப் பாட்டின் மெட்டை நாமே எழுதிக் கொடுக்கலாம். சாதாரண எழுத்துக் கோப்புத்தான். ஒவ்வோர் அசைக்கும் ஒரு வரி: எப்போது தொடங்கும், எவ்வளவு நீளும், எந்தச் சுருதி, எந்த அசை. நானும் தங்கையும் விடுமுறையில் ஒரே ஒரு பாட்டை இப்படி எழுதி முடிக்க நான்கு நாள் எடுத்தது. மூலப் பாடகரின் ஒலிப்பதிவைத் துண்டு துண்டாகக் கேட்டு, ஒவ்வோர் அசையும் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அந்த நான்கு நாளில் அவள் அந்தப் பாட்டை அறிந்த அளவுக்குப் பெட்டியோடு பாடிய இரண்டு மாதத்தில் அறியவில்லை.

நடுவர் சொன்ன குறையும் அப்போதுதான் பிடிபட்டது. அவள் பாடிய பாட்டின் பின்னணி இசை ஓர் ஆண் பாடகருக்காக அமைந்தது. ஆதார சுருதி ஒன்றரைக் கட்டை. ஆணுக்கு அது செக்கனுக்கு ஏறத்தாழ 139 அதிர்வு. பெண் பிள்ளைக்கு அது மிகத் தாழ்வு என்பதால் தங்கை தன்னை அறியாமலே ஒரு ஸ்தாயி மேலே, 277இல் பாடினாள். தொடக்க வரிகளுக்கு அது சுகம். அனுபல்லவியில் மெட்டு மேல் ஸ்தாயி மத்திமத்துக்கு ஏறும்போது 740க்குப் போக வேண்டும். அங்கே அவள் தொண்டை எட்டாமல் ஒவ்வொரு முறையும் 40, 50 சென்ட் கீழே நின்றது. செயலியின் கோட்டில் அது மலையில் ஏறி உச்சிக்கு முன்னால் களைத்து உட்கார்ந்தவர் போலத் தெரிந்தது. அந்த இடத்தில்தான் பெட்டி மிக அதிகப் புள்ளி கொடுத்தது, எட்டாத சுரத்துக்கு அவள் கத்தினாள் அல்லவா!

மருந்து மிகவும் சின்னது. அனேகமான கரோக்கே பெட்டிகளிலும் செயலிகளிலும் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. ஒரு முறை அழுத்தினால் ஓர் அரைச்சுரம். ஆறு முறை குறைத்தோம். ஆதாரம் ஐந்து கட்டைக்கு, 196க்கு வந்தது. உச்சி 740இல் இருந்து 523க்கு இறங்கியது. அவ்வளவு தூரம் இறக்கியதில் மேளம் கொஞ்சம் சேறு பிடித்தது போலக் கேட்டது, குரல் நிமிர்ந்து நின்றது. எங்கள் பெட்டியிலும் அந்தப் பொத்தான் முதல் நாளில் இருந்தே இருந்தது. புள்ளித் திரையைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. கருவி வாங்கும்போது புள்ளி காட்டும் வசதியை விடச் சுருதி மாற்றும் வசதிக்கே காசு கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

றபான் அடித்துக் குழுவாகப் பாடுவோருக்கு வேறொரு தொல்லை. றபான் தாளத்தைப் பிடித்துத் தரும், சுருதியைப் பிடித்துத் தராது. ஆதாரமாக ஒலிக்க எதுவும் இல்லாததால் குழு மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். எல்லோரும் சேர்ந்தே தாழ்வதால் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் பாடியதைப் பதிவு செய்து பார்த்தபோது 220இல் தொடங்கிய பாட்டு 208இல் முடிந்தது. முழுதாக ஓர் அரைச்சுரம்.

செயலியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அது 12 கட்டங்கள் உள்ள ஏணியை வைத்துக்கொண்டு அளக்கிறது. நம் பாட்டு எல்லாம் அந்த ஏணியில் நிற்பதில்லை. அரபு மெட்டில் அமைந்த கஸீதாக்களில், ராஸ்த் மகாமின் மூன்றாம் சுரம் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழும். 1932இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியபோது இந்த இடைச் சுரங்களை எப்படி அளப்பது என்பதே பெரிய விவாதமாக இருந்தது. கர்நாடக இசையின் கமகமும் ஒரு கட்டத்தில் நிற்பதல்ல. சுரத்தைச் சுற்றி அசைந்து அழகு காட்டுவது. இப்படிப்பட்ட இடங்களில் செயலி பிழை என்று சொன்னால் பிழை செயலியுடையது. மூலப் பாடகரின் ஒலிப்பதிவையும் அதே செயலிக்குக் காட்டி, அவர் கோட்டையும் நம் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நீதி.

பாடும்போதே கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. தங்கை முதல் கிழமை அப்படித்தான் செய்தாள். கண் கோட்டைத் துரத்த, குரல் கண்ணைத் துரத்த, ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து தேடித் தேடிப் பிடிக்கும் பழக்கம் வந்தது. இப்போது கண்ணை மூடிப் பாடிப் பதிவு செய்கிறாள். பிறகு எந்த இடத்தில் தாழ்ந்தேன் என்று தானே ஊகித்துக் கொப்பியில் எழுதுகிறாள். அதற்குப் பின்புதான் பதிவைச் செயலிக்குப் போட்டுக் காட்டுகிறாள். ஆரம்பத்தில் ஊகம் பத்தில் மூன்று சரியாக வந்தது. இப்போது ஏழு, எட்டு வருகிறது.

பெட்டியைத் திருப்பி எடுக்கக் கடையில் மறுத்துவிட்டார்கள். வாப்பா அதன் புள்ளித் திரை மீது கறுப்பு டேப் ஒட்டி, கிரிக்கெட் வர்ணனை கேட்கப் பாவிக்கிறார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 94க்குக் கீழே புது இலக்கங்கள் ஏறுகின்றன: -46, -38, -31. நேற்றைய பதிவில் அனுபல்லவியின் உச்சியில் -18. இரண்டாம் சரணத்தில் மூச்சு முடியும் இடத்தில் மட்டும் இன்னும் முப்பதுக்குக் கிட்டத் தாழ்கிறது. எங்கே மூச்சு எடுப்பது என்பதை மாற்றி, இன்று அஸருக்குப் பிறகு மறுபடியும் பதிவு செய்யப் போகிறோம்.